கொஞ்சம் வேலை உள்ள பழைய எம்.ஜி.பி. வாங்குவது எப்படி

"பெரிசா ஒண்ணும் இல்லை, கொஞ்சம் வேலை இருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லி விற்கப்படும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பிரேக், டயர், ஹோஸ், சீட் உறை என்று சில மாத ஞாயிற்றுக்கிழமைகளில் முடிகிற வேலை இருக்கும். இன்னொன்றில் கதவுக்கு அடியில் ஓடும் தகடு முழுவதையும் வெட்டி எடுத்து, பாடி வளையாமல் முட்டுக் கொடுத்து நிறுத்தி, புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டியிருக்கும். போட்டோவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பல சமயம் இரண்டாவது வண்டிதான் அதிகம் மின்னும். விற்பதற்கு முன் அதற்குத்தான் புதுப் பெயிண்ட் அடித்திருப்பார்கள்.

எது லேசான வேலை என்பதற்கு ஒரே அளவுகோல் போதும்: ஸ்பேனரால் முடிந்தால் லேசான வேலை. வெல்டிங் மிஷினை எடுக்க வேண்டி வந்தால் அது லேசான வேலை இல்லை. என்ஜின் புகைவதோ கியர் முனகுவதோ கழற்றி மாட்டுகிற சங்கதி. தகடு உளுத்திருந்தால் அதில் மாட்டுவதற்கே இடம் இல்லை. அதனால் பார்வையிடப் போகும் நேரத்தில் முக்கால் பங்கைப் பாடிக்கு ஒதுக்குங்கள்.

இங்கே எம்.ஜி.பி.யை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான, எம்.ஜி. நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார் இது. முழுப் பாடி ஷெல் உட்பட ஏறக்குறைய எல்லாப் பாகமும் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. என்ஜின் எளிமையானது. முதன்முறையாகப் பழைய கார் வாங்குபவருக்கு இதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடையாது. ஆனால் தனிச் சேஸிஸ் இல்லாத பாடி. தகடுதான் சேஸிஸ் வேலையையும் செய்கிறது. ஆகவே துரு எங்கே வருகிறது, ஏன் வருகிறது என்பதை இந்த வண்டியில் படித்துக்கொண்டால் மற்றவற்றிலும் கண் தானாகப் போகும்.

கிளம்புமுன்

விற்பவரிடம் போனிலேயே நான்கு விஷயம் கேளுங்கள். வண்டி எத்தனை வருடமாக ஓடாமல் நிற்கிறது? கதவுக்கு அடியில் ஓடும் சில் பேனல் எப்போதாவது மாற்றப்பட்டதா, மாற்றும்போது எடுத்த போட்டோ இருக்கிறதா? ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் வேலை செய்கிறதா? பாடியிலும் என்ஜினிலும் உள்ள எண்கள் ஆவணத்தோடு ஒத்துப்போகின்றனவா? பதிலைவிட, பதில் வரும் வேகம் அதிகம் சொல்லும். வெல்டிங்கைப் போட்டோ எடுத்து வைத்திருப்பவர் பெரும்பாலும் ஒழுங்காகச் செய்தவராகவே இருப்பார்.

ஒரு கோரிக்கையும் வையுங்கள்: "நாங்கள் வரும்வரை என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்." குளிர்ந்த என்ஜின் உண்மை பேசும்.

பகலில், மழை இல்லாத நாளில் போங்கள். ஈரமான பெயிண்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். கையில் வேண்டியவை: பிரகாசமான டார்ச், மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, கம்ப்ரெஷன் கேஜ், மல்டிமீட்டர், தரையில் விரிக்கப் பழைய விரிப்பு, கூட ஒரு ஆள். கூட வருபவருக்குக் கார் தெரிய வேண்டிய அவசியமில்லை. பிரேக்கை மிதிக்கத் தெரிந்தால் போதும்.

எந்த வருட மாடல் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1964 அக்டோபர் வரை வந்த 1798 சி.சி. என்ஜினில் கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்று மெயின் பேரிங். என்ஜின் எண் 18ஜி அல்லது 18ஜிஏ என்று தொடங்கும். அதற்குப் பிறகு 18ஜிபி முதல் ஐந்து பேரிங், இன்னும் உறுதி. 1967 கடைசியில் மார்க் 2 வந்தபோது நான்கு கியருக்கும் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடைத்தது, பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் போய் நெகட்டிவ் எர்த் வந்தது. 1974 இலையுதிர் காலத்தில் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. அதோடு வண்டியின் உயரமும் ஒன்றரை அங்குலம் கூடியது, வளைவில் சாய்வும் கூடியது. குரோம் பம்பர் வண்டிக்கு மவுசு அதிகம். ஆனால் தகடு நன்றாக இருக்கும் ரப்பர் பம்பர் வண்டி, உளுத்த குரோம் பம்பர் வண்டியைவிட எவ்வளவோ மேல்.

தகடு

முதலில் பத்தடி தள்ளி நின்று, கதவு மூடிய நிலையில் பக்கவாட்டில் பாருங்கள். கதவின் பின் விளிம்புக்கும் பின் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். கூரை இல்லாத ரோட்ஸ்டரில் அந்த இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று பொருள். கூரை இல்லாததால் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருக்கும் பெரும் பலம் கதவுக்கு அடியில் இருக்கும் சில் பேனல்கள்தான். அவை இளகினால் வண்டி புத்தகம் போல மடங்கப் பார்க்கும்.

அடுத்தது ஜாக்கிச் சோதனை. விற்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, இடைவெளியின் மேல்முனையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சில் பேனலின் நடுவே அடியில் உள்ள ஜாக்கி பாயிண்டில் ஜாக்கி வைத்து மெல்ல ஏற்றுங்கள். டயர் தரையை விட்டு எழுந்த பிறகு மறுபடி அளந்து, கதவையும் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி மாறாமல், கதவு முன்போலவே திறந்தால் நல்லது. இடைவெளி மாறினாலோ கதவு இறுகினாலோ சில் பேனலின் உள்தகடு போய்விட்டது. ஜாக்கி பாயிண்டே நொறுங்கும் சத்தத்தோடு உள்ளே போனால் சோதனையை அங்கேயே நிறுத்திவிடலாம். விற்பவர் ஜாக்கி வைக்கவே விடவில்லை என்றால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சில் பேனலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் பணம் போகும் இடம் இதுதான். வெளியே தெரிவது ஒரே ஒரு தகடு. அதற்குப் பின்னால் செங்குத்தாக ஒரு நடுத்தகடு, அதற்குப் பின்னால் உள்தகடு, அடியில் கோட்டை மதில் போல ஏற்ற இறக்கமாக வளைந்த ஒரு பட்டை. நான்கும் சேர்ந்து ஒரு பெட்டி. முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறு ஃபெண்டருக்குள் உள்ள தடுப்புத் தகட்டைத் தாண்டி இந்தப் பெட்டியின் முன்முனையில் போய்த் தங்கும். வடிகால் ஓட்டைகள் அடைத்துக்கொண்டால் ஈரம் மாதக்கணக்கில் காயாது. துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. பெயிண்டில் சின்ன கொப்புளம் தெரியும்போது உள்ளே நடுத்தகடு பெரும்பாலும் கரைந்திருக்கும்.

சோம்பல் ரிப்பேர் எப்படி இருக்கும் என்றால், உளுத்த தகட்டை வெட்டாமல் அதன் மேலேயே இன்னொரு தகட்டைப் போர்த்தி ஓரத்தில் பற்றவைத்துவிடுவார்கள். பார்வைக்குப் புதிது, பலம் பூஜ்யம். நடுவில் அகப்பட்ட ஈரம் இரண்டையும் தின்னும். இதைக் கண்டுபிடிக்க மூன்று வழி. ஒன்று, சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்து சில் பேனலின் முனையில் தகடு இரட்டையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு, அடி விளிம்பில் விரலை ஓட்டுங்கள்; தொழிற்சாலை வெல்டிங் என்றால் சீரான தூரத்தில் சிறு குழிகள் தட்டுப்படும். கையால் போட்ட வெல்டிங் கரடாக இருக்கும், அல்லது தடித்த தார்ப்பூச்சு அதை மூடியிருக்கும். மூன்று, உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு உள்தகட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல தகடு அசையாது. உளுத்த தகடு பிஸ்கட் போல மொறுமொறுவென்று சத்தம் கொடுக்கும். திருப்புளியால் குத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். வண்டி இன்னும் உங்களுடையது இல்லை.

அடிப்பகுதியில் புத்தம் புதிய கறுப்புப் பூச்சு வழவழவென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். பழைய, அங்கங்கே உரிந்த பூச்சுக்கு அடியில் நல்ல தகடு தெரிவதுதான் நல்ல அறிகுறி.

சில் பேனலுக்கு அடுத்து, முக்கிய வரிசையில்: பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பட்டைகளின் முன்முனை மாட்டும் இடம், அதை ஒட்டி சீட்டுகளுக்குப் பின்னால் தரையில் இருக்கும் பேட்டரிப் பெட்டிகள், தரைத் தகட்டின் ஓரங்கள். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். அவற்றிலிருந்து கசிந்த அமிலம் பெட்டியின் அடியைத் தின்றிருக்கும். பேட்டரிப் பெட்டி தனியாகக் கிடைக்கும், அது மட்டும் போயிருந்தால் பயமில்லை. ஸ்பிரிங் மாட்டும் இடம் வரை பரவியிருந்தால் வெல்டிங் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன் ஃபெண்டரின் மேற்புறத்தில், ஹெட்லைட்டுக்குப் பின்னாலும் கண்ணாடியை ஒட்டிய பின்மூலையிலும் துரு வரும். உள்ளே சேறு தங்கும் திட்டு இருப்பதுதான் காரணம். ஆனால் முன் ஃபெண்டர் போல்ட் போட்டு மாட்டியது, கழற்றிப் புதிதாகப் போடலாம். பின் ஃபெண்டர் வெல்டிங் செய்தது. சக்கர வளைவின் முன்பக்கக் கீழ்மூலையில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். கதவில், முக்கோணக் கண்ணாடிக்கு நேர் கீழே விளிம்பில் சிறு விரிசல் இருந்தால் பதற வேண்டாம். இந்த மாடலில் பரவலாக உள்ள நோய் அது, கதவைக் கழற்றிச் சரிசெய்யலாம்.

காந்தம் வைக்கும்போது முதலில் நல்ல தகடு என்று தெரிந்த இடத்தில், உதாரணமாகப் பானட்டின் நடுவில் வைத்து அது இழுக்கும் வேகத்தைக் கையில் பழக்கிக்கொள்ளுங்கள். பிறகு கதவின் அடிப்பகுதி, சில் பேனல், சக்கர வளைவு ஓரம். ஆனால் ஒன்று: எம்.ஜி.பி.யின் பானட் பல வருடங்களுக்கு அலுமினியத்தில் வந்தது. அங்கே காந்தம் ஒட்டாவிட்டால், பள்ளத்தையும் துருவையும் மறைக்கப் பூசும் பட்டி என்று நினைத்து வாக்குவாதம் செய்ய வேண்டாம். டிக்கி மூடியை வைத்துப் பழகுங்கள். இழுப்பு சட்டென்று குறையும் இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது. பெயிண்ட் தடிமன் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: 100 முதல் 150 மைக்ரான் என்றால் பெரும்பாலும் மறுபடி பெயிண்ட் அடிக்காத தகடு, 300 வரை என்றால் மறுபடி அடித்தது, 1000ஐத் தாண்டினால் அங்கே பட்டிதான்.

வேறு மாடல் பார்க்கிறீர்கள் என்றால் இடங்கள் மாறும், கேள்வி மாறாது: எடையைத் தாங்குவது எது, அங்கே தண்ணீர் எப்படிப் போகிறது? டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், டி.ஆர்.6 இரண்டுக்கும் தனிச் சேஸிஸ். அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைப் பாருங்கள். டட்சன் 240இசட்டில் பேட்டரித் தட்டுக்குக் கீழேயும் தரைக்கு அடியில் ஓடும் ரெயில்களிலும். லோட்டஸ் எலானில் ஃபைபர் பாடி துருப்பிடிக்காது, உள்ளே இருக்கும் இரும்புச் சேஸிஸ் பிடிக்கும். முதல் தலைமுறை மஸ்டா எம்.எக்ஸ்-5இல் மடக்குக் கூரையின் வடிகால் குழாய் அடைத்துக்கொண்டு, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள சில் பேனல் முனை உளுக்கும்.

என்ஜின்

பானட்டைத் திறந்ததும் ரேடியேட்டரையும் பிளாக்கையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். லேசான வெண்படலம் குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டியில் வருவதுதான். டிப்ஸ்டிக்கிலும் அதே பால்காப்பி நிறம் இருந்தால் தண்ணீர் கலக்கிறது, ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல்.

இக்னிஷனைப் போட்டதும் பின்னாலிருந்து எஸ்.யு. கம்பெனியின் மின் பெட்ரோல் பம்ப் டிக்டிக் என்று வேகமாக அடித்து, பிறகு நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு, அல்லது கார்புரேட்டர் மிதவையின் ஊசி வால்வு மூடவில்லை, அல்லது டேங்க் காலி. அடிக்கவே இல்லை என்றால் பம்புக்குள் இருக்கும் பாயிண்ட் கரிந்திருக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பிரஷரைப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் 60 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறும். நன்றாகச் சூடான பிறகு, 3000 ஆர்.பி.எம்.மில் குறைந்தது 50, ஐட்லிங்கில் குறைந்தது 15 வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறக்கத்தில் வந்து, மறுபடி மிதிக்கும்போது குபுக்கென்று நீலப் புகை வந்தால் வால்வு கைடும் சீலும் தேய்ந்திருக்கின்றன. ஹெட்டைக் கழற்றினால் முடியும். இழுத்து ஓட்டும்போதெல்லாம் நீலப் புகை என்றால் பிஸ்டன் ரிங்.

கம்ப்ரெஷன் சோதனையை என்ஜின் சூடாக இருக்கும்போது செய்யுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு சுற்று செல்ஃப் அடியுங்கள். கம்ப்ரெஷன் விகிதம் 8.8 உள்ள என்ஜினில் 150 முதல் 170 பி.எஸ்.ஐ. வரை வந்தால் ஆரோக்கியம். எண்ணைவிட நான்குக்கும் இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஒன்றில் குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது.

ஹெட்டில் கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் வால்வு சீட் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஈயம் கலக்காத பெட்ரோலில் பழைய சீட் மெல்ல மெல்ல உள்ளே தேயும். அடிக்கடி எக்ஸாஸ்ட் டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் அதுதான் நடக்கிறது.

தரையில் நாலு சொட்டு ஆயில் கிடந்தால் பேரம் பேச உதவும், கவலைப்பட வேண்டியதில்லை. இந்த என்ஜின் பிறந்ததிலிருந்தே கொஞ்சம் கசியும்.

கிளட்ச், கியர், பின் ஆக்சில்

கிளட்சை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். பிளேட், பிரஷர் பிளேட், கார்பன் ரிலீஸ் பேரிங் எல்லாம் எளிதாகக் கிடைக்கும் சாமான்கள்தான். ஆனால் எம்.ஜி.பி.யில் கியர்பாக்ஸ் மட்டும் கீழே இறங்காது. கிளட்ச் மாற்ற என்ஜினையே தூக்க வேண்டும். மேட்டில் நான்காவது கியரில், குறைந்த வேகத்திலிருந்து முழுக்க மிதித்துப் பாருங்கள். ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. என்ஜின் எப்படியும் வெளியே வருமென்றால் பின்பக்க ஆயில் சீலையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று கணக்குப் போடுங்கள்.

1967க்கு முந்தைய வண்டியில் உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியர் போட்டால் கரகரவென்று உரசும். அதற்குச் சிங்க்ரோவே கிடையாது, அது குறை இல்லை. இரண்டாவது கியரில் உரசினால்தான் சிங்க்ரோ தேய்மானம். ஒன்று, இரண்டு, மூன்றில் முனகல் கேட்டு நான்கில் அமைதியானால், கியர்பாக்ஸுக்குள் துணையாகச் சுழலும் லேஷாஃப்டின் பேரிங் தேய்ந்திருக்கிறது. நான்காவது நேரடி கியர் என்பதால் அந்த ஷாஃப்டில் பளு விழுவதில்லை. ஓவர்டிரைவ் சுவிட்சைப் போட்டால் ஓரிரு நொடியில் ஆர்.பி.எம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். வரவில்லை என்றால் உடனே பாக்ஸைப் பழி சொல்லாதீர்கள்; முதல் சந்தேகம் வயரும் சுவிட்சும், அடுத்தது ஆயில் அளவு. இந்த கியர்பாக்ஸுக்கு என்ஜின் ஆயில்தான், 20டபிள்யூ-50. வழக்கமான கியர் ஆயிலை யாராவது ஊற்றியிருந்தால் வடித்துவிட்டு மாற்றுங்கள்.

வண்டியைக் கிளப்பும்போது பின்னால் டங் என்று ஒரு அடி விழுகிறதா? டிஃபரென்ஷியல் வாஷர் தேய்ந்திருக்கலாம், அது சின்ன வேலை. ஸ்போக் வீல் வண்டியில் இன்னொரு சாத்தியம் உண்டு: வீலும் ஹப்பும் கோர்த்துக்கொள்ளும் பற்கள். ஒரு சக்கரத்தைத் தூக்கி, துணை ஆளைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு, டயரை முன்னும் பின்னும் திருப்புங்கள். ஹப் அசையாமல் வீல் மட்டும் அசைந்தால் பற்கள் தேய்ந்துவிட்டன. வீலை மட்டும் மாற்றினால் பழைய ஹப் புது வீலையும் தின்றுவிடும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்போக்குகளை ஸ்பேனரால் வரிசையாகத் தட்டுங்கள். ஒரே மாதிரி கணீரென்று ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் தளர்ந்த ஸ்போக். வண்டியின் இடப்பக்கத்தில் வீல் மூடி (ஸ்போக் வீலை ஹப்பில் பிடித்து வைக்கும் ஒற்றைப் பெரிய நட்டு) வலம்புரி மரை, வலப்பக்கத்தில் இடம்புரி மரை. ஹப்புகளைப் பக்கம் மாற்றிப் போட்டிருந்தால் ஓட ஓட மூடி கழன்றுவிடும், உயிருக்கே ஆபத்து. இடப்பக்க மூடி கடிகார முள் போகும் திசையில் இறுகுகிறதா என்று நேரில் பாருங்கள்.

முன் சஸ்பென்ஷன், பிரேக்

முன்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட. டயரின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் துணை ஆளைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கிங் பின், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு. கிங் பின்னுக்கு 3000 மைலுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும்; சக்கரத்தைத் தூக்கி எடை இறங்கிய நிலையில் அடித்தால்தான் கிரீஸ் உள்ளே எல்லா இடத்துக்கும் போகும். பெரும்பாலானோர் செய்வதில்லை. நிப்பிளில் புதுக் கிரீஸ் தெரிந்தால் அந்த உரிமையாளர் மேல் எங்களுக்கு மரியாதை கூடும்.

நின்றுபோன வண்டியில் பிரேக் முழுவதும் சந்தேகத்துக்குரியது. ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி ஒருவழி வால்வு போல ஆகிவிடும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. சிறிது தூரம் ஓட்டிவிட்டு வீல்களைத் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் இதுதான். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் என்றால் 2000க்கு முந்தையது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரைக் கழித்துவிடுங்கள்.

வயரிங்

இந்த வண்டியில் வரும் லூகாஸ் கம்பெனியின் பழைய மின்சாமான்களைப் பற்றிய கெட்ட பெயரில் பாதிக்கு மேல் துருப்பிடித்த எர்த் இணைப்புகளின் குற்றம். நிறங்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பழுப்பு நிற வயர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் எப்போதும் உயிரோடு வருவது. வெள்ளை இக்னிஷன் வழியாக வருவது, பச்சை அதற்குப் பின் ஃபியூஸைத் தாண்டியது, ஊதா எப்போதும் உயிருள்ள ஃபியூஸ் வயர், கறுப்பு எர்த். டாஷ்போர்டுக்கு அடியில் இந்த நிறங்களில் சேராத வயர்கள் தொங்கினால், அல்லது பழுப்பு வயரைக் கடித்துப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் தெரிந்தால், அங்கேதான் தீப்பிடிக்கும் வாய்ப்பு. 1967க்கு முந்தைய வண்டியில் எந்த எர்த் என்று மல்டிமீட்டரால் உறுதி செய்யாமல் எதையும் இணைக்க வேண்டாம். பல வண்டிகளை இடையில் யாரோ மாற்றியிருப்பார்கள்.

குரோம், உள்ளலங்காரம், எண்கள்

குரோமில் மங்கலைத் தேய்த்தெடுக்கலாம், குழி விழுந்ததை எடுக்க முடியாது. கார்ப்பெட், சீட் உறை, கூரைத் துணி எல்லாம் தயார் செட்டாகக் கிடைக்கின்றன. கிழிந்த சீட்டைக் கண்டு பின்வாங்காதீர்கள். சொல்லப்போனால் கிழிந்த சீட்டும் நல்ல தகடும் உள்ள வண்டிதான் தேட வேண்டிய வண்டி. அரிதான மாடல்களுக்கு இது பொருந்தாது. அங்கே காணாமல் போன ஒரு விளக்கு வளையத்துக்காக வருடக்கணக்கில் தேட நேரும்.

பாகங்களைப் பெட்டி பெட்டியாகக் கழற்றி வைத்திருக்கும் வண்டியை, எவ்வளவு மலிவானாலும், லேசான வேலை என்று எண்ணி வாங்க வேண்டாம்.

பாடித் தகட்டில் உள்ள எண்ணில் ஜி என்றால் எம்.ஜி., எச் என்றால் என்ஜின் அளவு வகை, அடுத்த எழுத்து என் என்றால் ரோட்ஸ்டர், டி என்றால் 1965இல் வந்த கூரையுள்ள ஜி.டி. மாடல். தொழிற்சாலைப் பதிவேடுகளிலிருந்து சான்றிதழ் தரும் வசதி இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கிறது. முதலில் என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது, எந்த என்ஜின் எண் என்பதெல்லாம் அதில் தெரியும்.

விலை பேசுமுன் கண்ட குறைகளை மூன்றாகப் பிரியுங்கள்: ஓட்டுமுன் செய்தே ஆக வேண்டியது, ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டியது, அழகுக்கானது. முதல் இரண்டின் செலவையும் கூட்டி, அதற்கு மேல் நூற்றுக்கு முப்பது சேருங்கள். பழைய போல்ட் ஒன்று முறிந்தாலே அந்த முப்பதில் கொஞ்சம் போய்விடும். பேச்சில் குறைகளை அடுக்கி உரிமையாளரின் மனதைப் புண்படுத்த வேண்டாம். அளந்த எண்களை மட்டும் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஓட்டிக்கொண்டு வர ஆசையாக இருக்கும். நெடுநாள் நின்ற வண்டி என்றால் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

என்ஜினை எழுப்பும் முறை இது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 10 மில்லி என்ஜின் ஆயில் விட்டு ஒருநாள் விடுங்கள். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். இறுகினால் பலம் காட்டாதீர்கள், இன்னும் இரண்டு நாள் ஊறட்டும். பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, 20டபிள்யூ-50 ஆயில் சுமார் நாலேகால் லிட்டர் ஊற்றுங்கள்; துத்தநாகச் சேர்மானம் உள்ள, பழைய என்ஜின்களுக்கான ஆயிலாகப் பாருங்கள், டேப்பெட்டும் கேம் ஷாஃப்டும் உரசும் இடத்தை அதுதான் காக்கிறது. பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து, கேஜில் ஆயில் பிரஷர் ஏறிய பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும். பழைய பெட்ரோலை வடித்து, பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிய பிறகே முதல் ஸ்டார்ட்.

அடுத்து பிரேக். மூன்று ரப்பர் ஹோஸ், பின் டிரம்மின் வீல் சிலிண்டர்கள், காலிப்பர் சீல், புது டாட் 4 திரவம். இதைத் தள்ளிப்போட்டுவிட்டு பெயிண்டுக்குப் போகிறவர்கள் நிறைய. வண்டி அழகாக நிற்கும், ஆனால் நிறுத்த முடியாது. பிறகு டயர், ரேடியேட்டர் ஹோஸ், 82 டிகிரி தெர்மோஸ்டாட், எர்த் வயர்களைச் சுரண்டி இறுக்குவது.

டியூனிங் அதற்குப் பிறகுதான், அதிலும் வரிசை உண்டு: டேப்பெட், பிளாட்டினம் பாயிண்ட், டைமிங், கடைசியில் கார்புரேட்டர். டேப்பெட் குளிர்ந்த என்ஜினில் 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. எதை எப்போது சரிசெய்வது என்பதற்கு ஒன்பது கணக்கு: 1ஆவது வால்வு முழுக்க அழுந்தியிருக்கும்போது 8ஆவதைச் சரிசெய்யுங்கள், 3 அழுந்தும்போது 6, இப்படிக் கூட்டல் எப்போதும் ஒன்பது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் 0.64 மி.மீ. எஸ்.யு. கார்புரேட்டரின் மேல் மூடியைத் திறந்து டேம்பரில் (உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனின் வேகத்தை மட்டுப்படுத்தும் பாகம்) ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால் தடையின்றி இறங்கி, அடியில் டக் என்று உலோகச் சத்தம் கேட்க வேண்டும். த்ராட்டில் ஷாஃப்ட் ஓரத்தில் கார்ப் கிளீனர் தெளிக்கும்போது ஆர்.பி.எம். மாறினால் அங்கே காற்று கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தால் ஐட்லிங் ஒருநாளும் சீராகாது.

வண்டி உலர்ந்த நிலையில் இருக்கும்போதே சில் பேனலின் வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே மெழுகுப் பூச்சை நீளமான குழாய் வழியே அடித்துவிடுங்கள். ஓட்டைகளைப் பூச்சே அடைத்துவிடாமல் மறுநாள் மறுபடி குத்திப் பாருங்கள்.

முதல் 50 கிலோமீட்டர் ஓட்டியதும் வீல் நட்டு அல்லது ஸ்போக் வீல் மூடியை மறுபடி இறுக்குங்கள், பிரேக் திரவ அளவையும் ஒவ்வொரு ஹோஸ் முனையையும் பாருங்கள். 800 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் இன்னொரு முறை மாற்றுங்கள். வருடக்கணக்கில் அடியில் படிந்திருந்த கசடு அதற்குள் கரைந்து வந்திருக்கும். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். செம்பு நிறத் துகள் மின்னினால் என்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, கனெக்டிங் ராடின் பெரிய முனை பேரிங்குகளைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஓட்டம்.